பத்தடிக்கு எத்தனை அடி?

வைடு லென்ஸ் வாங்கப் போகிற கல்யாண வீடியோத் தம்பி தங்கைகளுக்கு,

மயிலாடுதுறை, சீர்காழி, கும்பகோணம் பக்கம் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. கேள்வி என்னவோ ஒன்றுதான். "அண்ணே, முதல் வைடு லென்ஸ் வாங்கப்போறேன். 16 வாங்கவா, 20 வாங்கவா, 24 வாங்கவா?" கேட்கிற குரலிலேயே பதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். 16 வாங்கு என்று நான் சொல்லிவிட வேண்டும். அதில்தான் எல்லாம் அடங்கும், கொடுக்கிற காசுக்கு அகலமாவது கூடக் கிடைக்கும் என்ற நினைப்பு. ஜமுக்காளம் வாங்கப் போகிறவர் பெரிய சைஸாகப் பார்த்து எடுப்பதுபோல.

நான் பதிலுக்கு, "நீ எத்தனை அடி தள்ளி நிக்கப்போறே?" என்று கேட்பேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

என் கேமரா பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் கிடக்கும். தச்சர்கள் வைத்திருப்பார்களே, மஞ்சள் நிறத்தில், விட்டால் சர்ரென்று உள்ளே ஓடும், அது. மண்டபத்துக்குப் போனதும் நான் முதலில் எடுப்பது அதைத்தான். மணவறைக்கு முன்னால் எனக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், மேடையின் அகலம் என்ன, பின்னால் போனால் எந்த நாற்காலி இடிக்கும், எல்லாவற்றையும் அளந்துகொள்வேன். லைட் தூக்கிவரும் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த டேப் சொல்லிக்கொடுத்தது.

கணக்கு சின்னதுதான். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். அந்த 36-ஐ லென்ஸின் எண்ணால் வகுத்து, நீங்கள் நிற்கிற தூரத்தால் பெருக்கினால் எத்தனை அடி அகலம் படத்தில் விழும் என்று வந்துவிடும். பத்தடி தள்ளி நின்றால் 35-க்குப் பத்தடிக்குக் கொஞ்சம் மேல். 24-க்குப் பதினைந்து அடி. 20-க்குப் பதினெட்டு. 16-க்கு இருபத்திரண்டரை. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் கோணம், டிகிரி என்று ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் இந்தக் கணக்கைப் போடுங்கள். கல்யாண மண்டபத்தில் டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே எல்லாம் அடிக்கணக்கு.

நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிற இடத்தையே எடுத்துக்கொள்வோம், திருக்கடையூர். 60 நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, 70-க்குப் பீமரத சாந்தி, 80-க்குச் சதாபிஷேகம் என்று விடியற்காலையிலேயே வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். கஜ பூஜை, கோ பூஜை முடித்து உள்ளே போனால் தூணுக்குத் தூண் ஒரு குடும்பம். ஒரு ஹோம குண்டத்துக்கும் அடுத்த ஹோம குண்டத்துக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் வழி இருக்கும். எதிரே ஜோடி, பக்கத்தில் குருக்கள், நடுவில் கலசங்கள், பின்னால் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள். என் முதுகில் கல்தூண். அப்படி நின்றபடி ஒருநாள் டேப்பை விரித்து அளந்தேன். கேமராவிலிருந்து தாத்தாவின் மூக்கு வரைக்கும் ஆறரை அடி. அதற்கு மேல் பின்னால் போவதென்றால் தூணைத்தான் நகர்த்த வேண்டும்.

ஆறரை அடியில் 35 போட்டால் ஆறே முக்கால் அடிதான் விழும். ஜோடியும் குருக்களின் ஒரு தோளும் தெரியும், அவ்வளவுதான். 24-க்கு ஒன்பதே முக்கால் அடி. ஜோடி, குருக்கள், கலசம், பின்னால் நிற்கும் மகன், மருமகள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். 16-க்குப் பதினாலரை அடி வரும். இன்னும் நல்லதுதானே என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 16 வாங்கிய புதிதில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி முழுவதையும் அதிலேயே எடுத்தேன். வீடியோவைக் கொடுத்த மறுநாள் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா கடைசி வரைக்கும் போன் பேசிக்கிட்டே நிக்கிறாரே, நீலச் சட்டை, அவர் யாரு?"

யாரென்று எனக்கு மட்டும் தெரியுமா? பக்கத்துத் தூண் குடும்பத்து மாமா. மாங்கல்ய தாரணத்தில் இருக்கிறார், ஆரத்தியில் இருக்கிறார், பாத பூஜையிலும் இருக்கிறார். இந்த வீட்டுக்கு வேண்டியது ஒன்பது பத்தடி. நான் எடுத்தது பதினாலரை. மிச்ச அடி முழுக்க ஊரார் வீட்டு விசேஷம். எடிட்டிங்கில் ஓரத்தை வெட்டிச் சமாளித்தேன். வெட்டிவிட்டுப் பார்த்தால் அது 24-இல் எடுத்த படம்தான். அதே இடத்தில் நின்று 24-இலேயே எடுத்திருந்தால் வெட்டுகிற வேலையும் இல்லை, துல்லியமும் போயிருக்காது.

அகலத்தில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒரு ரிசப்ஷனில் மேடையில் இருபது பேரை வரிசையாக நிறுத்தி, இடம் போதாமல் 14-இல் எடுத்தேன். வரிசையின் கடைசியில் மாப்பிள்ளையின் அத்தை. நல்ல ஒல்லியான உடம்பு. வீடியோவில் பார்த்தால் ஆளே வேறாக, அகன்று, ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கிறார். அத்தை நேராக என் கடைக்கே வந்துவிட்டார். பென் டிரைவை மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "இது நானா?" என்று கேட்டார். நான் லென்ஸ் விஞ்ஞானம் சொல்லிப் பார்த்தேன். "நடுவுல நிக்கிற என் தம்பி பொண்டாட்டி மட்டும் எப்படி ஒல்லியா இருக்கா?" என்றார். அதற்கு மேல் எந்த விஞ்ஞானமும் எடுபடாது.

லென்ஸில் பழுது ஒன்றும் இல்லை. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் வைடு லென்ஸ் எதுவானாலும் ஓரத்தை இழுத்துத்தான் ஆகும். தூண் வளையாமல் நிற்க வேண்டுமென்றால் அதற்கு விலையாக ஓரத்தில் நிற்கும் ஆள் அகல வேண்டும். எவ்வளவு அகலும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓரத்தில் ஒரு பந்தை வைத்தால், 35-இல் அது உயரத்தைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். கண்ணுக்கு உறுத்தாது. 24-இல் ஒன்றேகால் மடங்கு. 20-இல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 16-இல் சரியாக ஒன்றரை மடங்கு. 14-க்குப் போனால் அதையும் தாண்டிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினால் இது சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லென்ஸ் செய்கிறவர் கையில் இது இல்லை. தட்டையான சென்சாரில் உருண்டை உலகத்தைப் பரப்பினால் இப்படித்தான் வரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? அடுத்த சாந்தி ஹோமத்தில் கலசங்களை வரிசையாக அடுக்கி, நூல் சுற்றி, மேலே மாவிலையும் தேங்காயும் வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே அளவுச் சொம்புகள். 16-இல் குனிந்து கிட்டத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். நடுச் சொம்பு உருண்டையாக இருக்கும். ஓரம் போகப் போக ஒவ்வொன்றும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கடைசிச் சொம்பு பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். சொம்பு கடை ஏறி வந்து பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்காது, அத்தை கொடுப்பார். அதனால் வைடில் எடுக்கும்போது ஓரத்துக்கு மனிதர்களைத் தள்ளாதீர்கள். குத்துவிளக்கு, வாழைமரம், தூண், பந்தல் கால், சீர்வரிசைத் தட்டு, எதை வேண்டுமானாலும் ஓரத்தில் வையுங்கள். முகத்தை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, அண்ணன் வைடே வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வைடு எனக்கு உயிர். ஆனால் அதை நான் வைத்திருப்பது கிட்டப் போவதற்கு. பின்னால் போக இடமில்லாத குறையைத் தீர்த்துவைக்கும் லென்ஸ் என்று அதை வாங்குகிறவர்கள் அந்த ஒரு வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சஷ்டியப்தபூர்த்தியில் தாலி கட்டுகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று ஜூம் செய்தால், தாலி பிடித்த கைக்கும் பாட்டியின் முகத்துக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கை ஒன்பதடியில், முகம் பதினோரடியில் என்று வைத்தால் கை முகத்தைவிடக் கால் பங்குகூடக் கூடுதலாகத் தெரியாது. எல்லாம் ஒரே பலகையில் ஒட்டிய மாதிரி இருக்கும். அதையே மூன்றடிக்குப் போய் எடுங்கள். கை இரண்டடியில், முகம் நாலடியில். கை இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். மஞ்சள் கயிற்றின் முறுக்கு தெரியும். நடுங்குகிற விரல் தெரியும். அதற்குப் பின்னால் பாட்டியின் முகம், அதற்கும் பின்னால் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற கூட்டம். ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டில் வைத்த மாதிரி ஆழம் வரும். அந்த ஆழம் லென்ஸால் வந்தது இல்லை, நீங்கள் நின்ற இடத்தால் வந்தது. மூன்றடியில் நின்றாலும் இத்தனையும் ஃபிரேமுக்குள் இருக்கும்படி வைத்துக்கொடுத்ததுதான் லென்ஸ் செய்த வேலை.

கிட்டப் போவது எப்படி என்று பார்க்க, 1964-இல் வந்த ‘ஐ ஆம் கியூபா’ படத்தை எப்படியாவது தேடிப் பாருங்கள். கலாட்டோசோவ் இயக்கியது, ஒளிப்பதிவு உருசெவ்ஸ்கி. மொட்டைமாடியில் ஆரம்பித்து, மாடி மாடியாகக் கீழே இறங்கி, கூட்டத்துக்குள் நுழைந்து, நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள்ளேயே கேமரா போய்விடும். கட் கிடையாது. அந்தக் காலத்தில் கிம்பலும் கிடையாது. படத்தின் பெரும்பகுதிக்கு அவர் வைத்துக்கொண்டது 9.8 மில்லிமீட்டர் லென்ஸ். ஐயோ அவ்வளவு அகலமா என்று பயப்பட வேண்டாம். சினிமா ஃபிலிமில் படம் விழும் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர்தான். நம் ஃபுல் ஃபிரேமுக்கு மாற்றிப் பார்த்தால் அது ஏறக்குறைய நம் 16. அதே 16-ஐத்தான் நாம் மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் நிறுத்திவைத்துவிட்டு மோர் குடிக்கப் போகிறோம். உருசெவ்ஸ்கி அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்களின் மூச்சுக்காற்று படும் தூரத்துக்குப் போனார்.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். லென்ஸ் பார்க்கும் முன் உங்கள் கேமராவை மேஜைமேல் வைத்து, அது வீடியோவில் எவ்வளவு வெட்டுகிறது என்று பாருங்கள். போட்டோவில் தெரிகிற அகலம் வீடியோவிலும் வரும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் சோனி, நிக்கான், ஃபியூஜிக்கு ஒன்றரையாலும், கேனானுக்கு 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு வெட்டு இருப்பதுதான் தெரிவதில்லை. உங்களில் பலர் வைத்திருக்கிற சோனி இசட்வி-இ10-இல் 4கே-யில் நொடிக்கு 25 ஃபிரேம் வைத்தால் முழு அகலமும் வரும். 30-க்கு மாற்றினால் 1.23 மடங்கு வெட்டிவிடும். 16 போட்டிருந்தால் முதலில் 24 ஆகிறது, அப்புறம் 29-ஐத் தாண்டிவிடுகிறது. பத்தடிக்குக் கிட்டத்தட்ட பதினைந்தடி வந்த இடத்தில் பன்னிரண்டடிதான். ஏ7-4 வைத்திருக்கிறவர்கள் ஸ்லோமோஷனுக்காக 4கே-யில் 50-க்கோ 60-க்கோ போனால் ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டு விழும். அதில் 20 லென்ஸ் 30 ஆகிவிடும். செகண்ட் ஹேண்டில் கேனான் ஈஓஎஸ் ஆர் வாங்கியவர்களுக்கு 4கே-யில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வெட்டு. 16 போட்டாலும் 28-தான். இவை எதுவும் கேமராவின் குறை என்று சொல்ல வரவில்லை. மெனுவில் எண் மாறினால் கையிலிருக்கும் லென்ஸும் மாறிவிடுகிறது, அதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

நானே மாட்டியிருக்கிறேன். ஒரு சதாபிஷேகத்தில் கலச நீரைச் சல்லடை வழியாக ஊற்றுகிற நேரம். தண்ணீர் தெறிப்பதை ஸ்லோமோஷனில் எடுக்கலாம் என்று அவசரமாக எண்ணை மாற்றினேன். திரையில் படம் சட்டென்று கிட்டே வந்தது. பின்னால் தூண். சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்த பேத்தி ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டாள், தெரிந்தது இரண்டு கைகள் மட்டும். மெனுவுக்குள் திரும்பிப் போவதற்குள் நாலு சொம்பு ஊற்றியாகிவிட்டது. ஒரு மனிதருக்கு ஒருமுறைதான் 80 வரும். மறுபடி ஊற்றச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. யூடியூப் பார்த்துவிட்டு நொடிக்கு 24 ஃபிரேம், 30 ஃபிரேம் என்று வைத்து எடுக்கிறீர்கள், அப்புறம் டியூப்லைட் மினுக்குகிறது என்று லென்ஸையும் கேமராவையும் குறை சொல்கிறீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25-இல் எடுத்து ஷட்டரை 1/50-இல் வையுங்கள். 50-இல் எடுத்தால் 1/100. மண்டபத்து விளக்குகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். மேடை எல்இடி சில அடங்காது, அது வேறு கதை.

ஷட்டர் 1/50-இல் நின்றுவிட்டதா? அப்படியானால் வெயிலில் மாப்பிள்ளை அழைப்பு எடுக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது. லென்ஸ் தேர்வில் இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 12, 14 என்று போனால் பல லென்ஸ்களின் முன்கண்ணாடி முட்டை மாதிரி வெளியே புடைத்திருக்கும். அதில் ஃபில்டர் திருக மரை இருக்காது. பெரிய பெட்டி மாட்டித்தான் சமாளிக்க வேண்டும், அதை கிம்பலில் வைத்தால் கை ஒடியும். 16-இலும் 17-இலும் மரை இருக்கும், ஆனால் திருகித் திருகி இருட்டாக்கும் வேரியபிள் என்டியைப் போட்டு முழுக்க இருட்டாக்கினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி கறுப்பாக விழும். அது ஃபில்டரின் பழுது இல்லை. இரண்டு போலரைசரை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுதான் வேரியபிள் என்டி. லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் அந்தக் குறி தலைகாட்டும். வைடுக்கு ஒரே அளவாக இருட்டாக்கும் சாதா என்டி இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 67 மில்லிமீட்டர் மரை உள்ள லென்ஸ்களாகப் பார்த்து எடுத்தால் ஒரே ஃபில்டர் எல்லாவற்றுக்கும் ஆகும். டாம்ரான் 17-28, 20-40, சோனி 20 எஃப்1.8, ஏபிஎஸ்-சிக்கான சிக்மா 16 எஃப்1.4 எல்லாவற்றுக்கும் அந்த 67-தான்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இருட்டு மண்டபத்தில் அடிபட்டவர்களுக்கே தெரியும். எஃப்4 லென்ஸைவிட எஃப்2.8 இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும். எஃப்1.8 என்றால் ஐந்து மடங்கு. விடியற்காலைப் பிரகாரத்தில் அந்த ஐந்து மடங்குக்கு மதிப்பு உண்டு. ஆனால் 1.8 இருக்கிறதே என்று எப்போதும் திறந்து வைத்து எடுப்பது வைடை வீணடிக்கிற வேலை. ஃபுல் ஃபிரேமில் 20 போட்டு ஐந்தடியில் ஃபோகஸ் வைத்தால், எஃப்4-இல் மூன்றரை அடியிலிருந்து ஒன்பதடி வரைக்கும் தெளிவாக இருக்கும். குருக்களின் கை, ஜோடி, பின்னால் நிற்கும் மகள், எல்லாம் அதற்குள் அடங்கும். 1.8-இல் அதே ஃபோகஸ் நாலடியில் ஆரம்பித்து ஆறேகாலில் முடிந்துவிடும். மகள் மங்கலாகிவிடுவாள். அவள் அழுகிறாள் என்பது எடிட்டிங்கில் தெரியவரும். எல்லோருடைய முகமும் தெரியத்தானே வைடு போட்டோம்? பின்னணியைக் கரைக்க வேண்டுமென்றால் 85-ஐ எடுங்கள்.

ஜூமா, ஒற்றை எண் லென்ஸா என்று கேட்பவர்களுக்கு: தனியாக, அசிஸ்டென்ட் இல்லாமல் எடுக்கிறீர்கள் என்றால் ஜூம். கிம்பலில் வைப்பதானால் ஜூம் செய்யும்போது நீளம் மாறாத லென்ஸாகப் பாருங்கள். நீண்டு சுருங்குகிற லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கிம்பலைப் பேலன்ஸ் செய்ய வேண்டியிருக்கும், அதற்குள் மாலை மாற்றி முடித்திருப்பார்கள். 2022-இல் வந்த சோனி 16-35 எஃப்4 பவர் ஜூம் 353 கிராம்தான், நீளம் மாறாது, சுவிட்சை அழுத்தினால் பழைய ஹேண்டிகேம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். வெளிச்சம் நன்றாக உள்ள பெரிய மண்டபங்களில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு அது போதும். கோயில் வேலை அதிகம் உள்ளவர்கள் 2.8-க்குக் குறையாதீர்கள். 3.5-5.6 என்று இரண்டு எண் எழுதியிருக்கும் லென்ஸ் மட்டும் வேண்டாம். ஜூம் செய்யச் செய்ய படம் இருண்டுகொண்டே போகும். போட்டோவில் அது பெரிதாகத் தெரியாது, வீடியோவில் தெரியும்.

ஏபிஎஸ்-சி கேமராதான் இருக்கிறது, கையில் காசும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் அந்தச் சிக்மா 16 எஃப்1.4 ஒன்று போதும். 405 கிராம். ஒன்றரையால் பெருக்கினால் 24. மேலே சொன்ன ஆறரை அடிக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். லென்ஸுக்குள் ஆட்டம் தடுக்கும் வசதி கிடையாது, அதனால் கையில் பிடித்து நடக்க ஆகாது. ஸ்டாண்டிலோ கிம்பலிலோ வையுங்கள். ஃபுல் ஃபிரேம்காரர்கள் 20-இல் ஆரம்பிக்கலாம். 16 வேண்டவே வேண்டாமா என்றால், மண்டப முகப்பு, பந்தி, ஊஞ்சல், கூடம், மேலிருந்து எடுக்கும் கோலம் எல்லாவற்றுக்கும் வேண்டும்தான். ஒரு கல்யாண வீடியோவில் அது மொத்தம் இரண்டு மூன்று நிமிஷம் வரும். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே. வீட்டில் நகையை வைத்துத் தவணை கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

கடையில் லென்ஸை வாங்கும்போது வாசலுக்கு வந்து தெருவைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு "சூப்பர்ணே" என்று பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வீடியோவில் வைத்து, கிட்டத்தில் இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பதற்கு ஃபோகஸை மாற்றிப் பாருங்கள். சில லென்ஸ்களில் ஃபோகஸ் மாறும்போது படமே உப்பிச் சுருங்கும், மூச்சு விடுவதுபோல. போட்டோகாரருக்கு அது தெரியவே தெரியாது. நமக்கு மாலையிலிருந்து முகத்துக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் தெரியும். ஏதாவது ஒரு தூணையோ கதவு நிலையையோ நேராகப் பார்த்துக் கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், தூண்கள் எல்லாம் உள்பக்கமாகச் சாயும். அது எந்த லென்ஸிலும் நடக்கும், வைடில் பலமாக நடக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறேன். மட்டமாகப் பிடிக்கிற பழக்கம் வரும். கேமராவின் ஆட்டம் தடுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்து பாருங்கள். சில கேமராக்களில் நடுப்பகுதி அசையாமல் நிற்கும், நாலு மூலையும் ஜெல்லி மாதிரி தளும்பும். 24-ஐவிட 16-இல் அது மோசம்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் டார்ச் எடுத்துப் போங்கள். பின்பக்கம் வெளிச்சம் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, பனிக்கோலம் மாதிரி ஏதாவது தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நம் கடலோர ஈரக்காற்றுக்கு ஃபங்கஸ் ஒரு மழைக்காலத்தில் குடும்பம் நடத்திவிடும். வாங்கிய லென்ஸையும் சும்மா பையில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். டப்பா கூடவா உங்களால் வாங்க முடியாது?

ஹோமப் புகையும் நெய்ப்பிசுக்கும் முன்கண்ணாடியில் படியும். கிட்டப் போய் எடுக்கிறவனுக்கு அது இரண்டு பங்கு படியும். அதனால் சாதா பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகியே வைத்திருங்கள். சதாபிஷேகத்தில் கலச நீர் தெறித்தால் லென்ஸைத் துடைக்க நேரம் இருக்காது, அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே எடுக்கலாம். நான் வேட்டி மடிப்பில் ஒரு பழைய பருத்தித் துணியும் வைத்திருப்பேன். மஞ்சள் தண்ணீர் காய்ந்தால் கறை நிற்கும், ஈரமாக இருக்கும்போதே ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

போன தையில் ஒரு சதாபிஷேகம். தாத்தாவுக்குப் பார்வை மங்கல். மாங்கல்யத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள், பாட்டியின் கழுத்து எங்கே இருக்கிறதென்று விரலால் தடவித் தேடுகிறார். நான் மூன்றடியில், 24 போட்டு, முழங்காலில் நிற்கிறேன். அவர் கை என் லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் போய்வந்தது. பாட்டி அவர் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு, யாரும் கேட்காதபடி ஏதோ சொன்னார். தாத்தா சிரித்தார். பின்னால் நாலு தலைமுறையும் நிற்கிறது, ஒருத்தர் முகமும் வெட்டுப்படவில்லை, ஒருத்தர் முகமும் இழுபடவில்லை. பக்கத்துத் தூண் குடும்பமும் இல்லை.

அந்த நாலு நிமிஷத்தை வெட்டாமல் வைத்திருக்கிறேன். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் கடைக்கு வரலாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல். உங்கள் கேமராவையும் எடுத்து வாருங்கள். என் 16, 20, 24 மூன்றையும் போட்டுப் பார்க்கலாம், கடைக்குள் ஆறரை அடிக்குச் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். டேப் நீங்களே கொண்டுவாருங்கள். என்னுடையதைக் கேட்டு வாங்கிப் போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை. அவனும் இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பான்.

அன்புடன்,
உங்கள் கேமராக்கார அண்ணன்,
மயிலாடுதுறை.